நெல்லுக்கு இட்ட வேலி

(மார்கழித் திருவாதிரைத் திருவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



மழையை வேண்டிப் பாடுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. நீர்வளம் மிக்க நாட்டில் இருந்துகொண்டு வழக்கம் பற்றிப் பாடுவது வேறு. வானத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து நொந்து, பின்பு கோயிலுக்கு வந்து பாடுவது வேறு. இத்தென்பாண்டி நாட்டார் பாடுவது பின்னது. பொருநையின் இரு கரையிலும் நெல்லும் வாழையும் கண்ணுக்கு எட்டிய தொலைவு பசுமை காட்டுவது உண்மையே. ஆயினும் ஆற்றை விட்டுச் சில கல் தொலைவு வடக்கே சென்றால் வெடித்துக் கிடக்கும் கரிசல். தெற்கே சென்றால் பனையும் உடையும் நிற்கும் செம்மணல் தேரி. கிழக்கே கடலை ஒட்டி உப்பளம். உப்பு விளைவதற்கு வெயில் வேண்டும். அது நம்மிடம் குறைவின்றி உண்டு.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 65 செ.மீ. அளவே. மேற்கே நிற்கும் மலை தென்மேற்குப் பருவக்காற்றின் நீரை மறித்து வாங்கிக்கொள்கிறது. இப்பால் வருவது பெரும்பாலும் வெறுங்காற்று. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பிப் புரட்டாசியில் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் விதைக்கிறார்கள். அது பொய்த்தால் அவ்வாண்டே பொய்த்தது என்று கொள்ளவேண்டியதுதான். 2016ஆம் ஆண்டில் அது பொய்த்தது. 2017 சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்கு உட்பட்டவை என்று அரசு அறிவித்தது. இத்தகைய வறண்ட ஆண்டுகளில் நம் திருக்கோயில்களில் நந்தியெம்பெருமானைச் சுற்றித் தொட்டி கட்டிக் கழுத்தளவு நீர் நிறைத்து, மேகராகக்குறிஞ்சிப் பண்ணில் அமைந்த சம்பந்தப் பெருமான் பதிகங்களை ஓதுவார்கள் பாடுவது மரபு. அந்தத் தொட்டியை நிறைப்பதற்கே தண்ணீரை விலை கொடுத்து வண்டியில் கொண்டுவரும் ஊர்களும் உண்டு.

இப்படிப்பட்ட நாட்டில்தான் 2023ஆம் ஆண்டு மார்கழி முதல் நாள் விடிந்தது. ஆங்கிலக் கணக்கில் திசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. திருப்பள்ளியெழுச்சிக்கும் திருவெம்பாவைக்கும் உரிய முதல் வைகறை. கோலமிட எழுந்த பெண்மக்கள் வாசலில் கோலமிட இயலவில்லை. குமரிக் கடற்பகுதியில் நிலைகொண்ட காற்றுச் சுழற்சி ஒன்று, பெயர் சூட்டப்படும் அளவுக்குப் புயலாகவும் வளராத ஒன்று, நகராமல் நின்றுவிட்டது. மறுநாட்காலை அளந்து பார்த்தபோது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ.; திருச்செந்தூரில் 69; ஸ்ரீவைகுண்டத்தில் 62. கரிசல் பூமியாகிய கோவில்பட்டியிலும் 50 செ.மீ. அளவுக்குப் பெய்திருந்தது. ஓராண்டு மழையும் அதற்குமேல் பாதியும் ஒரே நாளில் காயலில் இறங்கிவிட்டது. ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் 95 செ.மீ. என்றால் அது 38 இலட்சம் லிட்டர் தண்ணீர். மலையிலும் பெய்து கடற்கரையிலும் அதே நாளில் பெய்தமையால், மேலிருந்து வந்த வெள்ளத்திற்குக் கீழே இடம் இல்லை. கீழே நின்ற வெள்ளத்திற்கு வழி இல்லை.

அதன் பின் நிகழ்ந்தவற்றை இங்கு அமர்ந்திருப்போர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. உங்களுள் பலர் அவற்றைக் கழுத்தளவு நீரில் நின்று கண்டவர்கள். பொருநை கரை புரண்டது. ஏரல் நீருள் இருந்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரத்துள் புகுந்தது. குவித்து வைத்த உப்பு கரைந்து, எடுத்த கடலுக்கே மீண்டது. பிசானப் பயிரும் வாழையும் மானாவாரிப் பயிறும் போயின. தொழுவத்தில் கட்டியிருந்த மாடுகள் கட்டிய கயிற்றோடு இறந்தன. முப்பதுக்கு மேற்பட்ட மனித உயிர்களும் நீங்கின. நந்திக்கு யாரும் தொட்டி கட்டவில்லை. ஆற்றங்கரைக் கோயில்களில் நீர் தானே உள்ளே வந்தது.

இதனை நாம் இத்திருவிழா மேடையில் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அவ்வெள்ளம் வடிந்த பின்னர் இரண்டு பேச்சுகள் ஊர்தோறும் எழுந்தன. இவ்வளவு பக்தி செய்தும் இறைவன் கைவிட்டான் என்பது ஒரு பேச்சு. யாரோ செய்த பாவத்திற்கு இறைவன் தண்டித்தான் என்பது மற்றொன்று. இரண்டாவது பேச்சே பெரிதும் கொடியது. சைவ நூல்களில் மறக்கருணை என்னும் சொல் உண்டு. இறைவன் ஒறுப்பதும் அருளே என்பது அதன் பொருள். ஆனால் அச்சொல் தன் துன்பத்தைக் குறித்துத் தானே சொல்லி ஆறுதல் பெறுதற்கு உரியது. பிறன் வீட்டுச் சுவர் இடிந்து கிடக்கும்போது தெருவில் நின்றுகொண்டு, ‘இஃது உனக்கு இறைவன் செய்த மறக்கருணை’ என்று சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை. நெஞ்சில் ஈரம் இல்லாதவன் சாத்திரம் படித்தால் அது கையிற் கல்லாகிவிடும்.

அப்படியானால் இம்மழையை எப்படிப் புரிந்துகொள்வது? வேறெங்கும் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. திருநெல்வேலி என்ற பெயரிலேயே அதற்கு விடை வைத்திருக்கிறார்கள் முன்னோர்கள்.

வேதசன்மர் என்னும் அடியார் வரலாறு உங்கட்குத் தெரியும். நாட்டில் மழையில்லை. இறைவனுக்குத் திருவமுது படைக்கும் தொண்டை உடைய அவர், வீடுவீடாகச் சென்று நெல் இரந்து வந்து அமுது ஆக்கிப் படைத்தார். மழை வேண்டி இறைவனிடம் முறையிட்டார். ஒருநாள் இரந்த நெல்லை வெயிலில் உலர்த்திவிட்டு நீராடச் சென்றார். அவர் வேண்டிய மழை அப்போதுதான் வந்தது; வெள்ளமாகவே வந்தது. நெல் போயிற்றே என்று அவர் பதறி ஓடிவந்து பார்த்தபோது, சுற்றிலும் மழை கொட்டுகிறது. நெல் கிடந்த இடத்தைச் சுற்றி வேலி கட்டினாற்போல ஒரு துளியும் உள்ளே விழவில்லை. நெல்லுக்கு வேலியிட்டுக் காத்தமையால் இறைவன் நெல்வேலி நாதர் ஆயினார். ஊர் திருநெல்வேலி ஆயிற்று. தைத் திங்களில் இன்றும் அங்கு இதனைத் திருவிழாவாக நிகழ்த்துகிறார்கள்.

இந்தக் கதையைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். கேட்டுப் பழகிய கதையில் ஒரு நுட்பம் கண்ணில் படாமலே போய்விடுவது உண்டு. இறைவன் நினைத்திருந்தால் மழையை நிறுத்தியிருக்கலாம் அல்லவா? மதுரையில் வருணன் ஏவிய மழையைத் தடுக்க நான்கு மேகங்களை நான்கு மாடங்களாக நிறுத்தியவன் அவனே என்று திருவிளையாடற் புராணம் கூறுகிறது. நெல்லையில் அவன் அவ்வாறு செய்யவில்லை. ஏன்? நாடு மழையின்றி வாடுகிறது. ஒரு கூடை நெல்லுக்காக நாட்டு மழையை நிறுத்துவது அறமன்று. அதே நேரத்தில், நாட்டுக்கு மழை வந்ததே என்று ஓர் ஏழையின் நெல்லை வெள்ளத்தில் விடுவதும் அறமன்று. ஆகவே மழையும் பெய்தது, வேலியும் எழுந்தது. மழைக்கு எதிரானது அன்று அந்த வேலி. மழையை முழுதாக வரவேற்பதற்கே அந்த வேலி வேண்டியிருக்கிறது.

வறண்ட நாட்டில் வாழ்வோர் இதனை ஆழ்ந்து எண்ண வேண்டும். மழை வருமோ வராதோ என்னும் ஏக்கமே நம் நாட்டு மக்களின் நினைவு முழுவதையும் நிரப்பிக்கொண்டு இருக்கிறது. வந்தால் எங்கே வைப்பது, எவ்வழியே விடுவது என்னும் எண்ணம் அதனுள் ஒடுங்கிவிடுகிறது. பத்தாண்டு வறண்டு கிடந்த ஓடையைப் பார்க்கும் இளைஞன் அதனைப் பாதை என்று எண்ணுகிறான். வீட்டுமனை விற்பவன் மனை என்றே சொல்கிறான். அது நீர்வழி என்பது முதியோர் வாயில் மட்டும் இருக்கிறது. ஆனால் தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை. பொருநையில் 1992 நவம்பரிலும் பெருவெள்ளம் வந்தது. அதற்கும் 2023க்கும் இடையே முப்பத்தோராண்டு. ஒரு தலைமுறை மறப்பதற்குப் போதிய காலம்.

நம் முன்னோர் மறவாமல் இருந்தார்கள் என்பதற்குக் கல்லிலேயே சான்று நிற்கிறது. நெல்லையில் குறுக்குத்துறை முருகன் கோயிலை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அது கரையில் இல்லை, ஆற்றுக்குள் இருக்கிறது. வெள்ளம் வந்தால் மூழ்கும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். நீர் மோதி உடைக்காமல் இருபுறமும் பிளந்து செல்லும்படி படகின் முகம்போல் அதன் அமைப்பு உள்ளது. வெள்ளம் வரும் குறி தெரிந்தால் உற்சவ மூர்த்தியைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். மூலவர் நீருக்குள்ளேயே இருக்கிறார். வடிந்தபின் சேறு நீக்கிப் பூசை தொடங்குகிறது. 2023இலும் அப்படியே மூழ்கிற்று, அப்படியே எழுந்தது. ஆற்றை அடக்கிவிட்டுக் கோயில் கட்டுவோம் என்று அவர்கள் கருதவில்லை. ஆறு வரும்போது எதை எடுத்துக்கொண்டு மேலேறுவது, எதை உள்ளே விடுவது என்று முன்னரே முடிவு செய்துவைத்தார்கள்.

நவகயிலாயங்களின் வரலாறும் இவ்வாறே. அகத்திய முனிவரின் மாணாக்கர் உரோமசர் பொருநையில் ஒன்பது மலர்களை விட, அவை மிதந்து சென்று ஒதுங்கிய இடங்களில் ஒன்பது சிவாலயங்கள் எழுந்தன என்பது மரபு. எங்கே கோயில் கட்டுவது என்பதை ஆறே சொல்லட்டும் என்று விட்ட பணிவு அதில் இருக்கிறது. அவற்றுள் ராசபதியில் இருந்த பழங்கோயிலை ஆறே கொண்டுபோயிற்று. பிற்காலத்தில் அடியார்கள் புதிதாக எழுப்பினார்கள். கொடுத்ததும் ஆறு, கொண்டதும் ஆறு என்று அதற்காக எவரும் பொருநையைச் சபிக்கவில்லை. இன்றும் அதில்தான் நீராடுகிறோம்.

இனி வேலி என்னும் சொல்லை வேறொரு பொருளில் வைத்துப் பார்ப்போம். நிலத்தை அளக்கும் அளவுக்கும் வேலி என்று பெயர். ஒரு வேலி என்பது இருபது மா; ஏக்கர்க் கணக்கில் ஆறேமுக்கால் அளவு வரும். சோழநாட்டில், வைத்தீசுவரன் கோயிலுக்கு அருகே திருப்புன்கூர் இருக்கிறது. நந்தனார்க்காக நந்தி விலகிய தலம். அத்தலத்துப் பதிகத்தில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் ஓர் அருமையான நிகழ்ச்சியைப் பொதிந்து வைத்திருக்கிறார். உலகம் மழையை மறந்த காலம். வயலில் நீர் இல்லை. ஊரார் இறைவனிடம் சென்று, ‘எங்களைக் காத்தருளினால் நிலம் தருகிறோம்’ என்று விண்ணப்பிக்கிறார்கள். முகில் பரந்தது; மழை வந்தது; வந்த மழை நிற்கவில்லை. பெருவெள்ளமாயிற்று. மறுபடியும் ஓடிவந்து வெள்ளத்தைத் தவிர்க்க வேண்டுகிறார்கள். இறைவன் தவிர்த்தருளி, மீண்டும் பன்னிரு வேலி கொண்டருளினான். இதனைக் கண்டு உன் திருவடி அடைந்தேன் என்கிறார் சுந்தரர்.

பன்னிரு வேலி என்பது எண்பது ஏக்கர். மழை வேண்டியதற்கும் நிலம். மழை நிற்பதற்கும் நிலம். இறைவனுக்கு எதற்கு நிலம் என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. உழுது உண்ண வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லைதான். ஆயினும் வெள்ளம் தவிர்வதற்கு விலையாகப் பொன்னைச் சொல்லாமல், ஆடு மாடுகளைச் சொல்லாமல், நிலத்தைச் சொல்லியிருப்பது நமக்குப் பொருள் பொதிந்ததாகத் தோன்றுகிறது. தண்ணீர் கேட்பது எப்போதும் ஒன்றே ஒன்றுதான்: இடம். குளத்துக்கு உள்வாய் வேண்டும். ஆற்றுக்குப் படுகை வேண்டும். மறுகாலுக்கு ஓடை வேண்டும். அந்த இடத்தைக் கொடுத்த ஊரில் வெள்ளம் வந்து போகிறது. கொடாத ஊரில் வந்து தங்குகிறது. திருப்புன்கூரார் கொடுத்த பன்னிரு வேலியை இக்காலத்தில் எங்கே கொடுப்பது என்று கேட்டால், கோயில் உண்டியலுக்கு அருகில் அன்று. குளத்துக் கரைக்கு அருகில் என்றே நாம் சொல்வோம். இது உரையாசிரியர் எவரும் சொன்ன பொருள் அன்று. வெள்ளம் கண்டபின் படித்தபோது நமக்குத் தோன்றிய பொருள்.

நம் நாட்டுக் குளங்களின் அமைப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். பொருநையில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால் பிரிந்து குளங்களுக்குப் போகிறது. ஒரு குளம் நிறைந்தால் கலுங்கின் வழியே மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குச் செல்லும். அது நிறைந்தால் அதற்கு அடுத்தது. கடைசிக் குளத்தின் மறுகால் கடலுக்கு. தென்திருப்பேரை அருகே கடம்பாகுளத்தையும் அதன் கீழுள்ள குளங்களையும் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வறண்ட நாட்டில் ஒரு சொட்டையும் வீணாக்காத சங்கிலி அது. அதே சங்கிலிதான் வெள்ளத்தில் பேராபத்தாகவும் முடியும். மறுகால் ஓடையில் சீமைக் கருவேல் மண்டிக் கிடந்தால், அதன் குறுக்கே சுவர் எழுந்தால், நீர் கலுங்கில் போகாமல் கரையைத் தள்ளும். மேல்குளத்துக் கரை உடைந்தால் அதன் நீர் முழுவதும் ஒரே மூச்சில் கீழ்க்குளத்தின் மேல் விழும். 95 செ.மீ. மழைக்கு எந்தக் கரையும் ஈடு கொடாது என்பார் உளர். பெரும்பாலும் உண்மையே. கரை நிற்குமா என்பது மட்டுமே கேள்வி அன்று. உடைந்தபின் நீர் ஒரு நாளில் வடியுமா, ஒரு வாரம் நிற்குமா என்பதும் கேள்வி. குழந்தைக்குப் பால் வேண்டித் தாய் தவிக்கும் வீட்டில் அந்த ஆறு நாள் சிறிய வேறுபாடா?

வைகை பெருகியபோது மதுரையில் வீட்டுக்கு ஒரு பங்கு கரை என்று அளந்து விட்டார்கள். வந்திக்கு அடைத்த பங்கை அடைக்க ஆள் இல்லாமற்போக, சொக்கேசனே கூலியாளாய் வந்து மண் சுமந்தான். பிட்டுக்கு மண் சுமந்த கதையில் பிரம்படியையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். ஒரு கிழவியின் பங்கு அடைபடாவிட்டாலும் ஊர்க்கரை முழுவதும் பயனற்றது என்பதும் அந்தக் கதையில்தான் இருக்கிறது.

அடைபடாத பங்கைக் கண்டு தாமாக வந்து நின்றோரை 2023இலும் கண்டோம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு இரயில் அன்றிரவு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த கல்லும் மண்ணும் வெள்ளத்தில் போய்விட்டன. ஏறக்குறைய 800 பயணிகள். செந்திலாண்டவனைத் தரிசித்துத் திரும்பியவர்கள் அவர்களுள் பலர். ஒரு பகுதியினர் அருகில் இருந்த பள்ளிக்கூடத்துக்குச் சென்றார்கள். மற்றவர்கள் பெட்டிகளிலேயே இருந்தார்கள். இரண்டு இரவுகள் அப்படிக் கழிந்தன. சுற்றிலும் வெள்ளம், மின்சாரம் இல்லை, 19ஆம் நாள்தான் மீட்புப் படையினர் அவர்களை வெளியே கொண்டுவர முடிந்தது. அதுவரை அவர்களுக்கு உணவு அளித்தவர்கள் பக்கத்தில் உள்ள புதுக்குடி ஊரார். அவ்வூராரும் வெள்ளத்தில் அகப்பட்டவர்களே. கடை திறவாத நாளில், தங்கள் வீட்டுப் பானையில் இருந்த அரிசியை, முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பொங்கிப் போட்டார்கள்.

அந்த இடம் எது தெரியுமா? குமரகுருபர சுவாமிகள் பிறந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். ஐந்தாண்டு நிரம்பியும் பேசாத பிள்ளையைப் பெற்றோர் தூக்கிக்கொண்டு செந்தூருக்குச் சென்ற வழியும் அதுவே. அங்கே முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் அப்பிள்ளை. ஊமைப் பிள்ளையோடு பெற்றோர் நடந்த அந்த வழியில், பல நூற்றாண்டுகள் கழித்து, பசித்த அடியார்களோடு ஒரு வண்டி நின்றது. வேதசன்மர் வீடுவீடாய் இரந்த நெல்லை இறைவன் வேலியிட்டுக் காத்தான் என்றோமே, புதுக்குடி வீடுகளில் அன்று எஞ்சியிருந்த அரிசியும் அந்த நெல்லே என்று நாம் கருதுகிறோம்.

அதற்கு அடுத்த ஆண்டு மார்கழியில், ஏரல் பக்கத்து மூதாட்டியார் ஒருவர் நம்மிடம் வந்தார். வெள்ளத்தில் வீட்டின் ஒரு சுவரையும் இரண்டு ஆடுகளையும் இழந்தவர். திருவெம்பாவை பாடும் பெண்களோடு நாள்தோறும் வந்து அமர்பவர். ‘ஐயா, இந்த வருசமும் அந்த மழைப் பாட்டைப் பாடத்தான் வேணுமா?’ என்று கேட்டார். அவர் குறித்தது பதினாறாம் திருப்பாடலை. கடல் நீரை முகந்து எழும் மேகத்தை உமையம்மையின் திருமேனியாகவும், மின்னலை அவள் இடையாகவும், இடியை அவள் சிலம்பொலியாகவும், வானவில்லை அவள் புருவமாகவும், பொழியும் மழையை அன்பர்க்கு அவள் முற்பட்டுச் சுரக்கும் அருளாகவும் மணிவாசகப் பெருமான் கண்ட பாட்டு அது. இரவில் கூரைமேல் ஏறி இருந்தவருக்கு இடி சிலம்பொலியாகக் கேட்டிருக்காது. அவர் கேட்டதில் குற்றம் ஒன்றும் இல்லை.

நாம் அவரிடம் இவ்வளவே சொன்னோம்: ‘அம்மா, மாசி பிறந்தால் உங்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கும்?’ சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, ‘பாடத்தான் வேணும். ஆனா இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாப் பாடச் சொல்லுங்க’ என்றார். வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்து, அதற்குள்ளே மழைக்குக் கெடுக்கும் ஆற்றலும் உண்டு, கெட்டவரைத் தூக்கி நிறுத்தும் ஆற்றலும் உண்டு என்று சேர்த்துச் சொன்னது இம்மூதாட்டியார் போன்றோர் வாழும் நாட்டை அறிந்துதான். அவ்வாண்டு அப்பாட்டை அம்மையார் சொன்னவாறே தாழ்ந்த குரலில் பாடினார்கள். இவ்வாண்டும் அவ்வாறே பாடுவார்கள்.

இத்திருக்கோயில் தெப்பக்குளத்துக்கு நீர் வரும் கால் ஆற்றுக்காலிலிருந்து பிரிந்து, மேலத்தெருவின் பின்புறமாக வருகிறது. வெள்ளத்தில் வந்து படிந்த மணல் இன்னும் அதில் இடுப்பளவு கிடக்கிறது. மேலே கருவேல் முளைத்திருக்கிறது. குளத்தின் மறுகால் ஓடை தேரடிக்கு அப்பால் எங்கே போகிறது என்பதை அறிந்த முதியோர் இருவர் மூவரே இருக்கிறார்கள். அவர்கள் நடக்க இயலும் காலத்திலேயே அவர்களோடு நடந்து எல்லைக்கல் நாட்ட வேண்டும். திருவாதிரை கழிந்த மறுநாட்காலை, களி பிரசாதம் பெற்றுக்கொண்ட பின், ஆறு மணிக்குத் தேரடியில் கூடுவது என்று திருவிழாக் குழுவினர் முடிவு செய்திருக்கிறார்கள். மண்வெட்டியும் கூடையும் உடையவர்கள் கொண்டுவரலாம்; இல்லாதவர்களுக்குக் கோயிலில் உண்டு. வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும். மதிய உணவு மடப்பள்ளியில்.

திருச்சிற்றம்பலம்.